மூன்று பேர் திரும்பினார்கள்

மாட்டுங்கா, பம்பாய்,
பொங்கலுக்கு மறுநாள்

அன்புள்ள நகுல் அண்ணாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம், அங்கு ஹாம்பர்க் குளிரில் உன் மூக்கும் காதும் சேதமில்லாமல் இருக்கப் பகவானை வேண்டுகிறோம். இதுவரை அம்மா சொல்லி நான் எழுதியது. மேலே என்ன எழுத என்று கேட்டதற்கு, எந்நேரமும் புஸ்தகமும் கையுமாக இருக்கிறவளுக்கு இதுகூடவா சொல்லித்தர வேண்டும், அவன் அனுப்பிய டூரைப் பற்றி எழுது, நன்றி என்று எழுது என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். போனில் சொன்னால் நீ ம், ம் என்று சொல்லிக்கொண்டே வேறெதையோ டைப் அடிக்கும் சத்தம் இங்கே வரை கேட்கிறதாம். அப்பா, தானும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஆகவே இருவருக்கும் பதிலாக நானே எழுதுகிறேன், இதிலுள்ள ஆசீர்வாதம், புத்திமதி, கண்டிப்பு எல்லாம் பெற்றோர் சொன்னதாகவே வைத்துக்கொள். உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். கூட்டிப் படி, ஜெர்மனை அப்படித்தானே படித்தாய்.

முதலில் உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தூரத்தில் இருப்பவர்களுக்கு இங்கு நடப்பதெல்லாம் போன வருஷத்துக் காலண்டர் மாதிரி. அப்பாவின் ரிட்டயர்மென்ட் விழாவில் அவர் மைக்கைப் பிடித்து மேனேஜருக்கு நன்றி சொன்னார், பியூனுக்கு நன்றி சொன்னார், லிஃப்ட்காரருக்கும், இத்தனை வருஷம் தன்னைக் கோட்டை ஆபீசுக்குச் சுமந்து போன லோக்கல் டிரெயினுக்கும்கூட நன்றி சொன்னார். முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த அம்மாவை மட்டும் விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அவரும் நிறுத்தினார். அதிலிருந்து இந்த வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போகும். குளிக்க வெந்நீர் தயார் என்று அப்பாவிடம் சொல்லு, கரண்ட் பில் கட்டியாச்சு என்று அம்மாவிடம் சொல்லு. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள், நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வந்து நடுவில் நின்று ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு ஒப்பிக்க வேண்டும். மொகலாயர் சபையில் இதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்கள். இங்கே எனக்குச் சாப்பாடு மட்டும்தான்.

ஜூன் மாதம் நான் பரோடாவுக்குப் போய் வரலாறு படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது உனக்குத் தெரியும். நான் போய்விட்டால் வெந்நீர் தயார் என்பதை யார் சொல்வது? இதைத்தான் உன்னிடம் போனில் அழுதேன். அதற்கு நீ ஹாம்பர்க்கில் உட்கார்ந்து யோசித்து, என்னை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரை மட்டும் தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று அனுப்பினால் வேறு வழியில்லாமல் பேசித்தானே ஆக வேண்டும் என்று டிக்கெட் போட்டாய். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் நம் அம்மா அப்பாவின் திறமையை நீ குறைத்து எடை போட்டுவிட்டாய்.

தில்லியில் எடுத்த படங்களைப் பார்த்து நீ ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டாய். அவற்றை மறுபடி திறந்து பார். குதுப்மினாருக்கு முன்னால் அம்மா, குதுப்மினாருக்கு முன்னால் அப்பா, செங்கோட்டையில் அம்மா, செங்கோட்டையில் குரங்குக் குல்லாயோடு அப்பா. ஒரு படத்திலாவது இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறார்களா? ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு வழிப்போக்கனைப் பிடித்து எடுத்துக்கொண்ட படங்கள் அவை. கம்ப்யூட்டர் படித்து வெளிநாட்டில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இது கண்ணில் படவில்லை.

அடுத்தது ஆக்ரா. அண்ணா, தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நீ அவர்களை வெள்ளிக்கிழமை காலையில் ஆக்ராவில் இறக்கி, சனிக்கிழமை விடியும் முன்பே ஜெய்ப்பூருக்குக் கார் போட்டிருந்தாய். நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்த அன்றே நான் சொன்னேன், நீ எல்லாம் ஆன்லைனில் பார்த்தாயிற்று என்றாய். ஆக அவர்கள் உலக அதிசயத்தை ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து, பனிமூட்டத்துக்குள், வண்ணான் காயப்போட்ட வேட்டி மாதிரி பார்த்தார்கள். வேட்டி என்று சொன்னது அப்பா. அம்மாவுக்கு அதுகூடத் தெரியவில்லையாம், கண்ணாடியை ஹோட்டலில் வைத்துவிட்டாள், எடுத்து வரத் திரும்பிப் போகலாம் என்றால் அப்பாவிடம் பேச வேண்டுமே.

அங்கே அவர்களுக்குக் கைடாக வந்தவர் பெயர் தௌசீப். பாவம், என் வேலை அவர் தலையில் விழுந்தது. அம்மா அவரைக் கூப்பிட்டு, இவர் மாத்திரை போட்டாரா கேளுங்கள் என்று நம் பம்பாய் ஹிந்தியில் சொல்வாளாம். அப்பா நேரே ஆற்றைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில், போட்டேன் என்று சொல்லுங்கள் என்பாராம். அவருக்கு ஸ்வெட்டர் வேண்டுமா கேளுங்கள், அவங்களுக்குக் கால் வலிக்கிறதா கேளுங்கள், இப்படியே மத்தியானம் வரை. தௌசீப் மரியாதைக்காரர், எல்லாவற்றையும் சுத்தமான உருதுவில் திருத்தித் திருத்தி எடுத்துச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவருக்குத் தாங்கவில்லை. நீங்கள் இருவரும் வேறு வேறு மாநிலமா, காதல் கல்யாணமா, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினீர்களா, இந்த இடத்தில் நின்று எத்தனையோ ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன், உங்களைப் போல் பார்த்ததில்லை என்று கண் கலங்கிவிட்டாராம். பாலக்காட்டு அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள் நம் அம்மா. அதை அவரிடம் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. காதல் கல்யாணம்தான் என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அம்மா தனியாகவும் அப்பா தனியாகவும் சொன்னார்கள், நான் சேர்த்து எழுதுகிறேன். இனி வருவதை மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், அதனால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டை. அதன் பின்கட்டில் அந்தப்புரத்துக்கென்று குறுகலான வழிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும், பகலிலேயே திசை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வேறு, கூட்டம் தாதர் ஸ்டேஷன் மாதிரி இருந்திருக்கிறது. அம்மா ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்பினால் அப்பாவைக் காணோம். இரண்டு போனும் அப்பாவின் தோள்பையில். ஒரு வழியில் போய் இன்னொன்றில் வெளியே வந்து மறுபடி அதே ஜன்னலுக்கு வந்திருக்கிறாள். மூன்றாவது தரம் அதே ஜன்னலைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. முற்றத்துக்கு ஓடிவந்து, கோபமெல்லாம் மறந்துபோய், பழைய குரலில் கூப்பிட்டாள்:

“ஏன்னா!”

மூன்று பேர் திரும்பினார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த டூர் கோஷ்டி, மூன்று மாமாக்களும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி பயந்த முகத்தோடு திரும்பினார்களாம். அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சுவரோவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மட்டும் திரும்பவில்லை. அம்மா இன்னொரு தரம் கூப்பிட்டாள். இந்தத் தரமும் அந்த மூவர்தான். அதற்கப்புறம் அம்மா தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள். ஊர் பார்க்க, “வேங்கடசுப்ரமணியன்!” என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா விறைத்து நின்று, “யெஸ் ஸார்” என்றார்.

கும்பகோணத்து மாமிகள் சிரித்து ஓயும்வரை அம்மா காத்திருந்து, பிறகு கேட்டாளாம், பக்கத்தில் நின்று கூப்பிட்டால் காது கேட்காதா என்று. அதற்கு அப்பா சொன்னதைச் சொல்லும்போது அம்மா துருவுவதை நிறுத்திவிட்டாள்.

“கேட்டுது. நீ கூப்பிட்டு எத்தனை நாளாச்சு? வேற யாரோ ஆத்துக்காரி, அவா ஆத்துக்காரரைக் கூப்பிடறான்னு நெனச்சேன்.”

ஹோட்டலுக்குத் திரும்பும் காரில் அப்பா விளக்கம் கொடுத்தாராம், நன்றி என்பது வெளியாட்களுக்குச் சொல்வது, வீட்டு மனுஷிக்கா மைக்கில் சொல்வார்கள் என்று. அம்மா விடுவாளா, லோக்கல் டிரெயின் உங்களுக்கு வெளியாள், நான் அந்த டிரெயினாகவாவது இருந்திருக்கலாம் என்றாளாம். அப்பா டிரைவரிடம் சொல்வது போல ஆரம்பித்து, நடுவில் திருத்திக்கொண்டு அம்மாவிடமே, தப்புதான் என்றார். இது அம்மா சொன்னது. அப்பா இந்த இடத்தில் ஜெய்ப்பூர் ரோடு நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

உனக்கு நன்றி என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டில் காது கொடுக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்த சண்டைகளையெல்லாம் தேதி வாரியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நேரடியாக. அடுத்த வீட்டு அகிலாண்டம் மாமி வந்து, முன்னே இருந்த மாதிரி கொஞ்ச நாள் இருக்கச் சொல்லேன் என்று என்னிடம் கெஞ்சிவிட்டுப் போனாள். எனக்கோ பரீட்சை நெருங்குகிறது.

இந்தச் சந்தோஷத்தில் நான் பரோடா பேச்சை எடுத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே குரலில், வேண்டாம் என்றார்கள். பெண் குழந்தை, தனியாக, அவ்வளவு தூரம். பேச ஆரம்பித்த பின் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். நீ ஹாம்பர்க் போனபோது அம்மா உனக்கு ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள், யாரும் தூரத்தை அளக்கவில்லை, இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா எழுதி வைக்கிறேன்.

மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. இந்த வீட்டில் அது பரம்பரை வழக்கம் என்பதால் யாரும் பதறவில்லை. இன்று காலை அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பரோடாவில் ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, எண்ணெய் ஜாஸ்தியா என்று கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் உடனே எழுந்து, அம்மா சரின்னுட்டான்னு அப்பாட்ட போய்ச் சொல்லட்டுமா என்றேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீ ஒண்ணும் போய்ச் சொல்ல வேண்டாம். அவர்ட்ட நான் சொல்லிக்கறேன்.”

உட்கார்ந்த இடத்தில் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ இதில் தலையிட வேண்டாம், டிக்கெட் எதுவும் போட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், தினமும் ரொட்டியே தின்னாதே, போனில் பேசும்போது டைப் அடிக்காதே. இனி யாருக்காவது டூர் போட்டால் வெள்ளிக்கிழமையைப் பார். தீர்க்காயுசாக, நல்ல புத்தியோடு இருக்க அம்மா அப்பாவின் ஆசிகள், நல்ல புத்தி மட்டும் நான் சேர்த்தது. இரண்டு பேரும் கீழே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்கள், ஆனால் இப்போதுதான் சமையலறையிலிருந்து அம்மா ஏன்னா என்று கூப்பிட்டாள், அப்பா முதல் தரத்திலேயே பேப்பரை வைத்துவிட்டு எழுந்து போகிறார். பரோடா என்ற சொல் காதில் விழுந்தது. நான் எழுந்து போய் இந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து முடிக்கிறேன்.

அன்புத் தங்கை,
சாருலதா