சாப்பாட்டு ஜெபம்

தம்பிக்கு,

நீ கடிதத் தலைப்பில் எழுதுகிற ஸ்தோத்திரமெல்லாம் எனக்குக் கைவராது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதவும் வழியில்லை. அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததையும், வலது கை விழுந்து பேச்சு போனதையும் போனில் சொன்னேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அவள் சாப்பிட மறுக்கிறாள். விழுங்க முடியாமல் இல்லை. ஜெபம் பண்ணாமல் வாயைத் திறப்பதில்லை. அப்பா போன பிறகு, சாப்பாட்டு ஜெபம் பெற்ற பிள்ளையின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். உனக்குத் தெரியாததா? உன் அண்ணி ஜெபித்துப் பார்த்தாள். அம்மா அவளைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

நீ ஜெபிப்பதை முன்பு பதிவு செய்து வைத்திருந்தேன், அதைப் போனில் போட்டேன். முதலில் பலித்தது. பிறகு கட்டிலைச் சுற்றி உன்னைத் தேட ஆரம்பித்தாள். நீ இல்லை என்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டாள். கஞ்சி ஆறி ஏடு கட்டியது. "சாப்பிடலைன்னா மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான் சார்" என்று வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்களே ஜெபிக்கலாமே என்பாய். உன் அண்ணியும் அதைத்தான் கேட்டாள்: "ரெண்டு பட்டம் வாங்கின வாய்க்கு ரெண்டு வரி வரலையா?"

வரவில்லை. காரணம் உனக்குத் தெரிய வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த அன்று குடித்துவிட்டு வந்து, சொந்தக்காரர்கள் முன்னால் என் முன்பல்லை உடைத்தாய். பிறகு திருந்தினாய். வேஷம் என்று நானும் காத்திருந்து பார்த்தேன், வேஷம் இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சபையில் மைக் பிடித்துச் சாட்சியாகச் சொன்னாய். எல்லோரும் அழுதார்கள், அல்லேலூயா என்றார்கள். நான் கடைசி பெஞ்சில் கட்டின பல்லோடு உட்கார்ந்திருந்தேன். பல் போனது எனக்கு, மன்னித்தது கடவுள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அன்றைக்கு எழுந்து வந்தவன்தான், அப்புறம் ஜெபத்துக்குக் கண்ணை மூடியதில்லை.

நேற்று மத்தியானம் மறுபடி கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். கெஞ்சினேன், அதட்டினேன். கரண்டியை உதட்டில் வைத்து அழுத்தியும் பார்த்தேன். கஞ்சி கழுத்தில் வழிந்தது. துடைக்கும்போது என்னை அறியாமல் கத்திவிட்டேன்: "ஆண்டவரே, என்னால முடியலையே!"

அது ஜெபமில்லை, எரிச்சல். ஆனால் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கோணிப்போன வாயால் "ஆ...மே" என்றாள். பிறகு, குஞ்சுப் பறவை மாதிரி, வாயைத் திறந்தாள்.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறு வார்த்தை தெரியாமல் அதையே சொன்னேன். இந்த முறை கத்தவில்லை. இன்று காலையும் அதே. கண்ணை மூடினேனா என்று கேட்காதே.

இது எத்தனை வேளைக்கு ஓடும் என்று தெரியவில்லை. டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சபை ஊழியத்தை விட்டு வர முடியாது என்று எழுதிவிடாதே. வா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மைக் இல்லாமல் ஜெபம் பண்ணு. என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சமையலறையில் வந்து சொல். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வா.

ஆமென் சொல்ல இங்கே இரண்டு பேர் இருப்போம்.

உன் அண்ணன்