மாமாவின் காலை வெயில்

அக்கா,

இன்று காலையில் வானத்திலிருந்து ஒரு குழந்தைச் சட்டை என் வாசலில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். எந்த மாடி என்று தெரியவில்லை. ஈரத்தைப் பிழிந்து மதில்மேல் போட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. நம் சந்து பழையபடி இருந்திருந்தால், சட்டைக்கு வந்தவள் அடுப்படி வரைக்கும் வந்து என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுத்தான் போயிருப்பாள். அந்த ஈரச் சட்டையின் சோப்பு வாசம் கையில் இருக்கும்போதே உங்கள் நினைப்பு வந்துவிட்டது. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே படியுங்கள்.

இந்த ஏழு மாடி நிற்கிற இடம் அப்போது தென்னந்தோப்பு. உங்கள் வீட்டுக்குக் கிழக்கே, மதிலை ஒட்டி இருந்தது. காந்திபுரத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றாலும், நம் சந்தில் விடியும்போது காக்காய்ச் சத்தம்தான் கேட்கும். பக்கவாதம் வந்து மாமாவுக்கு ஒரு பக்கம் விழுந்த பிறகு, பொழுது கிளம்பியதும் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பீர்கள். மரங்களுக்கு நடுவே வருகிற வெயில் அவருடைய விளங்காத கையில் விழும்.

"வெயில் படறப்ப மட்டுந்தான் இந்தக் கை என்னோடதுன்னு தெரியுதுங்கறாரு அம்மணி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள்.

நான் சும்மா இருப்பேனா. "ஏனுங்க மாமா, இப்படிக் கறுத்துப்போனா அக்கா வேற மாப்பிள்ளை பாத்துப்போடுவாங்க" என்பேன். அவருக்குப் பாதி வாய்தான் சிரிக்கும். உள்ளேயிருந்து நீங்கள், "நீயே பாத்துக் குடு அம்மணி, நானும் ரெண்டு நாள் காலை நீட்டித் தூங்கறேன்" என்பீர்கள்.

தோப்பை விற்றுவிட்டார்கள், ஏழு மாடி வரப்போகிறது என்று தெரிந்த அன்று நீங்கள் சோறு வடிக்கவில்லை. "அத்தனை ஒசரம் கட்டிப்போட்டா இவருக்கு வெயிலுக்கு எங்கங்க போறது?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். பால்காரனிடம்கூடச் சத்தமாகப் பேசத் தெரியாத நீங்கள்தான் சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்க வைத்தீர்கள். அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது.

அதற்கு முன்னால் கட்டடக்காரர் வந்துவிட்டார். தனியாக இல்லை, சம்சாரத்தோடு. தட்டத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்து, பூமி பூசைக்கு அழைக்க முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கதவைச் சாத்தப்போகிறீர்கள் என்று நான் என் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். "வாங்க, வாங்க. உள்ள வாங்க. காபி குடிக்கறீங்களா, மோர் குடிக்கறீங்களா?" என்றீர்கள்.

சாயங்காலம் சந்தில் ஒரே வாக்குவாதம். கோடி வீட்டு மில்காரர், யாரும் போகக் கூடாது என்று குதித்தார்.

"ஊடு தேடி வந்து வெத்தலை வெச்சு அழைச்சுப்போட்டாங்களே. எப்படிங்க போகாம இருக்கறது?" என்றீர்கள் நீங்கள்.

கடைசியில், போவது, ஆனால் கை நனைக்காமல் வந்துவிடுவது என்று முடிவாயிற்று. மறுநாள் நீங்கள் பட்டுச் சேலையில் வந்து நின்றீர்கள்.

"ஏனுங்கக்கா, சண்டைக்குப் போறவங்க பட்டுக் கட்டிட்டுப் போவாங்களா?"

"விசேசத்துக்குப் போறமல்ல. பேசாம வா."

பூசை முடிந்து நாம் கிளம்பும்போது கட்டடக்காரர் சம்சாரம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடாம போனீங்கன்னா எங்களுக்கு மனசு கேக்காதுங்க." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கேசரியைப் பார்த்தேன். சந்து மொத்தமும் பந்தியில் உட்கார்ந்தது.

அதிகாரி வந்த அன்று கட்டடக்காரருடைய ஆள் அதையேதான் சொன்னான். "இவங்க எல்லாரும் பூசைக்கு வந்து பந்தியில சாப்பிட்டவங்கதானுங்க. விருப்பமில்லாதவங்க வருவாங்களா?"

"அப்படிங்களாம்மா?" என்று அதிகாரி உங்களைக் கேட்டார். மில்காரர் பின்னாலிருந்து இல்லை என்று தலையாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"சாப்பிட்டமுங்க" என்றீர்கள். "அது மருவாதிக்குங்க. இது வெயிலுக்கு. ரெண்டும் வேறங்க."

அவர் முதல் வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

மில்காரர் அதன் பிறகு உங்களோடு பேசவே இல்லை. "தின்ன வாயால எப்படி அம்மணி இல்லைங்கறது?" என்று என்னிடம் மட்டும் கேட்டீர்கள். அன்றைக்கு ஒரு நாள்தான் நான் உங்களைக் கேலி செய்யாமல் இருந்தேன்.

ஒவ்வொரு மாடியாக ஏற ஏற வெயில் தாமதமாக வந்தது. மாமாவின் நாற்காலி மேற்கே தள்ளித் தள்ளிப் போய், சந்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த என் வாசலுக்கே வந்துவிட்டது. "கடைசில எங்கூட்டுக்கே குடி வந்துட்டீங்களே மாமா" என்பேன். அந்தக் காலைகளில் நாம் மூன்று பேரும் குடித்த காபிக்கு அளவே இல்லை. ஐந்தாவது மாடி எழும்பியதும் என் வாசலும் இருட்டிவிட்டது.

தொண்டாமுத்தூரில் உங்கள் தம்பி தோட்டத்துக்குப் போவது என்று முடிவெடுத்தீர்கள். "அங்க மறைக்கறதுக்கு மலை மட்டுந்தான் அம்மணி. அதும் மேக்கால இருக்குது" என்றீர்கள், ஏதோ மலையிடம் பேசி முடித்துவிட்டு வந்த மாதிரி. மாமா அங்கே ஆசை தீர வெயில் காய்ந்துவிட்டுத்தான் போனார் என்று கேள்விப்பட்டேன். அடுத்து நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள். எனக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தோட்டத்துக்கு வந்து, உங்கள் தம்பி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

மில்காரரும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். பகலிலும் டியூப்லைட் போட்டுக்கொண்டு நான் மட்டும் இருக்கிறேன். தலைக்கு மேலே அத்தனை குடும்பம். கேலி பேச ஓர் ஆள் இல்லை.

போன வாரம் கட்டடக்காரருடைய ஆள் வந்தான். கார் நிறுத்த இடம் போதவில்லையாம், என் வீட்டையும் கேட்கிறார்கள். வந்தவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றான்.

"யோசிச்சாச்சுங்க. குடுக்கறதா இல்லை. காபி உங்களுக்கு, ஊடு எனக்கு. ரெண்டும் வேறங்க."

அவன் சிரித்துவிட்டுப் போனான். அவன் தெரு திரும்புகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை அக்கா. உடனே எதிர்வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டிவிட்டேன்.