வெளியேறாத காந்தம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அருவிக்குப் போகும் வழியில் பழக்கடைக்காரர் மங்குஸ்தான் ஒன்றைப் பிளந்து நீட்டினார். விரலில் ஊதாக் கறை. சீசன் லீவு முடிந்து நீ இந்தப் பழத்தோடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும்போதெல்லாம் நம் மேசையில் இந்தக் கறை இருக்கும். வாங்காமல் வந்துவிட்டேன்.

தென்காசியில் ஒரே பள்ளி பெஞ்சில் தொடங்கி, வடக்கே துகள் முடுக்கி ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை வரை வந்தவர்கள் நாம். துகள்களுக்கு வேகமூட்டும் கேவிட்டிகளை, நியோபிய உலோகத்தால் ஆன உள்ளீடற்ற கூடுகளை, திரவ ஹீலியத்தில் குளிர்வித்துச் சோதிப்பது நம் வேலை. குளிர்ந்து, மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறும் தருணத்தில் அந்த உலோகம் தன்னுள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ள வேண்டும். கொஞ்சம் சிக்கிக்கொண்டாலும் அந்த இடம் சூடாகும். கேவிட்டி தேறாது.

அப்படித் தோற்றுப்போன ஒன்றை ஓரங்கட்டச் சொன்னார்கள். நீ மட்டும் ஒப்பவில்லை.

"கேவிட்டிமேல குத்தம் இல்லட்டி. மெதுவா, எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல குளிர வைக்கோம். காந்தம் எந்தப் பக்கம் போவும்? கீழ சட்டுனு குளிரணும், மேல சூடா இருக்கணும். அப்பதான் கீழ இருந்து தள்ளிக்கிட்டே வரும்."

அதைச் செய்து பார்க்கும் முன்பே ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சிகிச்சை கைகொடுக்காமல், உன்னைத் தென்காசிக்கே கூட்டி வந்துவிட்டார்கள். ஹீலியம் தட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் தலைவர், நான் விடாமல் கேட்டதில் அலுத்துப்போய், "சரி, இன்னொரு தடவை" என்றார்.

நீ சொன்னபடி கீழிருந்து வேகமாகக் குளிர்வித்தோம். கேவிட்டியின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த காந்தமானியின் எண், உள்ளிருந்த காந்தம் வெளியே தள்ளப்பட்டதும், துள்ளி உயர்ந்தது. உடனே போன் செய்தேன். உன் அம்மா போனை உன் காதில் வைத்தார்.

"வெளிய வந்துட்டு, ஏட்டி," என்றேன்.

உனக்கு மூச்சு இரைத்தது. பிறகு, "அடுத்ததுலயும் செஞ்சு பாரு. ஒண்ண வச்சு நம்பாத," என்றாய். நான் கேட்ட கடைசிச் சொல் அதுதான்.

உன் காரியம் முடிந்து திரும்பியதும் அடுத்ததைச் சோதித்தேன். அதே வேகம், அதே வெப்ப வித்தியாசம். எண் அசையவில்லை. காந்தம் முழுக்க உள்ளேயே நின்றுவிட்டது. தலைவர் எழுந்து போனார். தென்காசியில் வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது.

வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அந்தக் கேவிட்டி, வேறொரு தொகுதியாக வந்த நியோபியத் தகட்டில் செய்தது. உலையில் இன்னும் அதிகச் சூட்டில் பதப்படுத்தினால்தான் அந்த உலோகம் காந்தத்தை விடும். செய்தோம், விட்டது. நீ சொன்னது பாதி. மீதியைக் கண்டுபிடிக்க உனக்கு நாள் கிடைக்கவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவ சொன்னது சரியாப் போச்சாம்மா? அதையே சொல்லிக்கிட்டு கெடந்தா."

"சரியாப் போச்சும்மா," என்றேன். பாதி என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்தக் குழுவுக்கு நான்தான் தலைவி. நான் ஒன்றைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். எதிரே நின்று இல்லை என்று சொல்ல ஆளில்லை. அந்த இடத்தில் உன் குரலை நானே வைத்துக்கொண்டு, என்னோடு நானே மல்லுக்கு நிற்கிறேன். பெரும்பாலும் நான்தான் ஜெயிக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.