சேவலுக்குத் தொண்டை கட்டிருச்சு

ஏப்ரல் 7, திங்கள்
காலையிலயே வெயில். லோடு ஆட்டோவுல வேடசந்தூருக்கு ஒரு நடை. திரும்பும்போது தொண்டை கரகர. சாயங்காலம் சளி, இருமல், பேச்சே போச்சு.
சனிக்கிழமை மாதா கோயில்ல பாஸ்கா நாடகம், ஏசு பாடுபட்ட கதை. மேரியோட தம்பி அருளப்பன்தான் ஏசுவோட சீடர் இராயப்பர். ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தடவை அவன் சொன்னதும் சேவல் கூவணும், அதைக் கேட்டு அவன் அழணும். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே அந்தச் சேவல் நான்தான். நம்ம படிப்புக்கு வசனம் மண்டையில நிக்காது. திரைக்குப் பின்னாடி ஒரே ஒரு கூவல். ஊரே அடங்கிரும்.
மேரி: "பேச்சு வரலையா? ஆண்டவருக்குத் தோத்திரம்." பொண்டாட்டி பேசுற பேச்சா இது.

8, செவ்வாய்
மேகமூட்டம். ஆஸ்பத்திரி. டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. "சாதாரணச் சளிதான், ஆன்டிபயாட்டிக் வேணாம். உப்புத் தண்ணி கொப்புளிங்க, பேசாதீங்க. மூச்சு வாங்கினா உடனே வாங்க." மேரி கேக்குறா, "பேசாம ஒரு மாசம் இருக்கணுமா டாக்டர்?"
வீட்டுக்கு வந்து சேந்தது: தூதுவளை ரசம். எதிர்வீட்டுக் கற்பூரவல்லி. கறிக்கடை பாய் குடுத்த இஞ்சிச் சாறும் தேனும். மிளகுப் பால். ஆவி பிடிக்க நொச்சி இலை. நொச்சி தவிர எல்லாம் வயித்துக்குள்ள.
அருளப்பன் வந்தான். "எதுக்குக் கஷ்டம் மச்சான்? போன்ல சேவல் சத்தம் இருக்கு, மைக்ல வச்சிருவோம்." போட்டும் காமிச்சான். வெள்ளைக்காரச் சேவல் போல. சுருக்குன்னு இருந்துச்சு. திட்டச் சத்தம் வரல. காலண்டர் தாள்ல எழுதிக் காமிச்சேன்: போன்ல ஒரு இராயப்பரும் கிடைப்பாரு, பாத்துக்க மாப்ள.

10, வியாழன்
வெக்கை. குரல் கால்வாசி. நாட்டுக்கோழி சூப்பு குடிச்சா தொண்டை திறந்துக்கும்னு எதிர்வீட்டம்மா. தவக்காலம், வீட்டுல கறி கிடையாது. மேரி போய் ஃபாதர்கிட்ட கேட்டா. நோயாளிக்கு விலக்கு உண்டாம். செத்த நேரத்துல மகனுக்கு இருமல், மகளுக்கு இருமல், அருளப்பனுக்கும் இருமல்.
மேரி கண்ணு கருப்பன் மேல. எங்க வீட்டுச் சேவல். கோயில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் கூண்டு. குறுக்க போய் நின்னேன். கிசுகிசுன்னு, "நானும் அவனும் ஒரே தொழில்டி."
"அப்ப ரெண்டுல ஒண்ணு போதும்"னா.
கடைசியில பாய் கடைக் கோழி. மிளகு தூக்கல். மூக்கு திறந்துச்சு, தொண்டை திறக்கல.

12, சனி
கூவிப் பாத்தேன். கதவுக் கீல் சத்தம். அருளப்பன் போனுக்குச் சார்ஜ் போடுறான். நான்தான் கூவுவேன்னு ஃபாதர்கிட்ட அடம் பிடிச்சு வாங்கிட்டேன். இப்ப பயம். கூட்டம் சிரிச்சுட்டா அடுத்த வருசம் போன்தான்.

13, ஞாயிறு
குருத்து ஞாயிறு. தூறல்.
நேத்து அருளப்பன் மூணாவது தடவையும் "தெரியாது"ன்னான். வாயைத் திறந்தேன். "கொக்..." அம்புட்டுத்தான். பாதியில ஒடைஞ்சு இருமலாயிருச்சு. முன்னாடி சிரிப்பு கிளம்புது. இராயப்பர் அங்கிக்குள்ள கையை விட்டு போனைத் தேடுறாரு. அப்ப, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கருப்பன். முழுசா, நீளமா, ஒரு கூவல். கூட்டம் கப்சிப். அருளப்பன் நெசமாவே அழுதுட்டான்.
இன்னைக்குப் பூசை முடிஞ்சு ஃபாதர் கூப்பிட்டாரு. "சேவல் ரெண்டு தடவை கூவினதாவும் வேதத்துல ஒரு இடத்துல இருக்கு சவரி. சரியாத்தான் செஞ்சீங்க, ரெண்டு பேரும்."
மேரி கருப்பனுக்கு ஒரு கை கம்பு கூடப் போட்டா. எனக்கு மறுபடியும் தூதுவளை.