அப்பா வாபஸ் வாங்கிய வழக்கு

அப்பா,

உங்கள் வழக்கின் உத்தரவு நகல் இன்று காலை அரியலூர் கோர்ட்டில் கிடைத்தது. தாளில் முத்திரை மையின் வாசனை இன்னும் போகவில்லை. வாதி என்ற இடத்தில் உங்கள் பெயர். முகவரி, திருச்சி மத்திய சிறை. வாதியே கேட்டுக்கொண்டதால் வழக்கு வாபஸ் பெறப்பட்டுத் தள்ளுபடி செய்யப்படுகிறது என்று கீழே இருக்கிறது.

ஊருக்குத் தெரிந்தது இந்த வரி மட்டும்தான். "உள்ள போனதும் அவருக்கு வீராப்பு எறங்கிருச்சு. குவாரிக்காரன்கிட்ட பணிஞ்சுட்டாரு" என்று பால் ஊற்றும் வரிசையில் என் காதுபடவே பேசினார்கள்.

குவாரி லாரியை மறித்து டிரைவரை நீங்கள் அடித்தது தப்புதான். அதற்குத்தான் தண்டனை அனுபவித்தீர்கள். அதற்காக நம் கொல்லையின் கிழக்குப் பக்கம் குவாரிக்குச் சொந்தமாகிவிடாது. அவர்கள் வெட்டிப் பள்ளமாக்கிய அந்த நிலத்தைக் கேட்டுத்தான் சிறையிலிருந்தே வழக்குப் போட்டீர்கள்.

அந்த மனுவைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தவள் நான். பாகம் பிரித்தபோது உங்களுக்கு விழுந்தது வேறு துண்டு. பிறகு கிணற்றுக்காக நீங்களும் பெரியப்பாவும் வாய்ப்பேச்சிலேயே மாற்றிக்கொண்டீர்கள், பட்டாவும் மாறியது. ஆனால் சிறையில் நினைவிலிருந்து எழுதியபோது பழைய துண்டின் சர்வே எண்ணையும் எல்லைகளையும் எழுதிவிட்டீர்கள்.

அடுத்த முறை பார்க்க வந்தபோது கம்பிவலைக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

"அப்பா, நீங்க பெரியப்பா கொல்லைக்குக் கேஸ் போட்டுருக்கீங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஒங்க பெரியப்பனுக்கு நான் செஞ்ச ஒரே நல்லது இதான் போல."

எண்ணும் தப்பு, நாலு எல்லையும் தப்பு, வாபஸ் வாங்கிப் புதிதாகப் போடுவதே நல்லது என்றார் எங்களோடு வந்திருந்த நம் வக்கீலம்மா.

"ஊர்ல சிரிப்பாங்களே" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும். கேஸ் நிக்கணும்" என்று சொல்லி, ஜெயிலர் முன்னால் கையெழுத்துப் போட்டீர்கள். விடுதலைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து, அங்கேயே போய்விட்டீர்கள்.

நான் வாயை மூடியிருந்தால் உங்கள் பெயரில் ஒரு வழக்காவது உயிரோடு இருந்திருக்கும் என்று சில நாள் அழுதேன். இப்போது அழுவதில்லை. வேறு நிலத்துக்கு ஜெயித்து என்ன செய்வது?

போன வாரம் குவாரியிலிருந்து ஒருவர் வந்தார். "அவரே வேணாம்னு விட்டுட்டாரு. நீங்க எதுக்கும்மா இழுக்குறீங்க?"

"கோர்ட்டுல பேசிக்கலாம். போயிட்டு வாங்க" என்றாள் அம்மா. அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

உத்தரவில் ஊர் படிக்காத இன்னொரு வரி இருக்கிறது: அதே பிரச்சினைக்காகச் சரியான விவரங்களோடு புதிதாக வழக்குத் தொடர அனுமதி வழங்கப்படுகிறது. அதைப் பேனாவால் அடிக்கோடிட்டு வக்கீலம்மாவிடம் கொடுத்தேன். மதியம் புது மனு எழுதினோம். முதல் வாதி அம்மா. இரண்டாம் வாதி நான், மைனர். எண்ணைப் பட்டாவோடு மூன்று முறை ஒப்பிட்டேன்.

எல்லைகளைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், "கிழக்கே குவாரிப் பள்ளம், சரியா?" என்றார்.

"இல்லீங்க மேடம். பள்ளமும் எங்களுதுதான். எல்லை அதுக்கு அந்தாண்ட இருக்கு."

அவர் எழுதியதை அடித்துவிட்டு, நான் சொன்னபடி எழுதினார்.