சும்மா உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம், மனசைப் பற்றிக் கேட்காதே, கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் சொன்ன நடையை டிவி முன்னால்தான் நடக்கிறார், கேட்டால் நடை நடைதானே என்கிறார். உன் தம்பி வீட்டில் தலையைக் காட்டுவதே சாப்பாட்டுக்குத்தான். எனக்குக் கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, கண் டாக்டரிடம் தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்த அன்றே லீவு போட்டுவிட்டுப் போனேன். அந்த ஒரே நாளில் எல்லாம் கெட்டது.

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில் முதல் பத்து நிமிடம் மனதில் இருப்பதை நோட்டில் எழுதுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. மார்க் கிடையாது, பிழை திருத்தமாட்டேன், அவர்களாகக் கொண்டுவந்து காட்டினால்தான் படிப்பேன், மற்றபடி என் அலமாரியில் பூட்டியிருக்கும், இதுதான் நான் கொடுத்த வாக்கு. முதலில் சினிமா, கிரிக்கெட் என்று கிறுக்கியவர்கள் மெல்ல மெல்ல மனசைத் திறந்தார்கள். வயிற்றுவலி என்று பாதியில் வீட்டுக்கு ஓடுகிற ஒருத்தன் ஓடுவதையே நிறுத்தினான். வாயாடி என்று கூப்பிடுவேனே, அந்தப் பெண் மணி அடித்த பிறகும் இருங்க மிஸ், இன்னும் ரெண்டே வரி என்பாள். வகுப்பிலேயே அவள் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். அதுவே வினையாகிவிட்டது.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். நம் பிள்ளைகள் எவ்வளவு அழகாக எழுதுகிறார்கள் பாருங்கள் என்று பெற்றோருக்குக் காட்ட ஆசைப்பட்டு, மாற்றுச் சாவியால் அலமாரியைத் திறந்து, நல்ல கையெழுத்தாகப் பொறுக்கி நாலைந்து நோட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டார், ஒரு வரிகூடப் படிக்காமல். வாயாடியின் நோட்டை முதலில் எடுத்தது வேறு யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, பிறகு வாயாடியின் அப்பா, பிறகு அவள் அம்மா. அதில் என்ன இருந்தது என்று உனக்கும் எழுதமாட்டேன், அது அவளுடையது. வீட்டுச் சண்டையைப் பற்றியது என்று மட்டும் தெரிந்துகொள். நீதான் இப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தாய் என்று அத்தனை பேர் முன்னால் இருவரும் வராந்தாவில் ஒருவர்மேல் ஒருவர் பாய, நடுவில் இவள் பையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம்.

மறுநாள் தலைமையாசிரியர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார், அவளிடமும்தான். பரவாயில்ல சார் என்றாள். பள்ளிக்கு வரும் மனநல ஆலோசகரிடம் அவள் பேச ஏற்பாடு செய்தேன், போய் எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, என் வாக்கு பொய்யாகிவிட்டதடி, இந்த எழுத்தையே அடியோடு நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். வேணாம் மிஸ், மத்தவங்களுக்கு வேணும், நான் மட்டும் சும்மா உக்காந்துக்கறேன் என்றாள். பதிமூன்று வயசு. எல்லாரும் குனிந்து எழுதும்போது இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடி இருக்கிறாள். கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பத்து நிமிடம் எனக்கு நரகமாக இருக்கிறது.

போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, ஜலதோஷம்மா என்றாய். வேறு சமயமாக இருந்தால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டிருப்பேன். இந்தத் தடவை கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் அப்பாவிடம்கூட மூச்சு விடமாட்டேன்.

ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு ஒத்து நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மறக்காமல் பதில் போடு. என்னை இன்னும் நம்புகிறாயா என்று வாயாடியிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

உன் அம்மா