பத்து ஐம்பதுக்கு வருகிற வெயில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி வைத்துக்கொண்டு மாடிப்படி என்றாலே எதிர்த்து ஓட்டுப் போடுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் உடனே தெரியப்படுத்து. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். இந்த வருஷம் தோட்டத்தில் என்ன போடப்போகிறீர்கள் என்பது ஒன்று. உன் ஆய்வுக்கூடத்தில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அம்மா என்ன சொல்கிறாள் என்பது இன்னொன்று. போனில் கேட்டிருந்தால் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுத்திருப்பேன், அது உனக்கும் தெரியும், அதனால்தான் எழுதிக் கேட்டிருக்கிறாய். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். தோட்டத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

தோட்டத்தில் இந்த வருஷம் குறை மண்ணிலும் இல்லை தண்ணீரிலும் இல்லை, வெயிலில். உன் சித்தி மாடி கட்டிவிட்டாள். நம் வீட்டுக்கும் கிழக்கே அவள் வீட்டுக்கும் நடுவில்தானே நம் ஐந்து பாத்தியும் இருக்கின்றன. முன்பு வெயில் காலை 8.35க்கு வந்து பிற்பகல் 2.40க்குப் புறப்படும், ஆறு மணி ஐந்து நிமிடம். இதை நீ எட்டாவது படித்தபோது மிச்சமான கணக்கு நோட்டில் நான் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது 10.50க்குத்தான் வருகிறது. புறப்படுவது மட்டும் அதே 2.40. மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் தக்காளி என்ன செய்யும், நெடுநெடுவென்று வளர்ந்து, பூவைக் காட்டி, உதிர்த்துவிட்டு நிற்கிறது. போன தடவை வெண்டையில் மொத்தம் பதினொன்று கிடைத்தன, அதில் மூன்று முற்றல். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்தவள் நான், எந்த வண்டி எத்தனை நிமிடம் லேட் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன், ஆனால் இரண்டேகால் மணி நேரம் லேட்டாக வருகிற வெயிலுக்கு யாரிடம் மெமோ கொடுப்பது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாதபடி நானே செய்துகொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், அப்பா எழுதினால் கூடக் கொஞ்சம் ஜோடிப்பார். மாடி கட்டுமுன் அவள் வீட்டு மேஸ்திரி ஒரு காகிதம் கொண்டுவந்தார், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்து வேண்டுமாம், கூடவே வரைபடமும் இருந்தது. படிச்சுப் பார்த்துட்டுப் போடும்மா, எவ்வளவு உயரம்னு பாரு என்று அப்பா சொன்னார். பார்த்தால் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் அவளிடம்தான் கேட்க வேண்டும், அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. அவ வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கில்லை என்று சொல்லி, கண்ணாடிகூடப் போடாமல், நின்றவாக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு டிரைவருடைய டிரிப் ஷீட்டில்கூட நான் அப்படிப் போட்டதில்லை. மேஸ்திரி என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

நானும் அவளும் பேசி நாலு வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று நான் எழுதியதில்லை. உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று நம் சமையலறையில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள், நான் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே, ஒரு தடவையாவது போகாதேன்னு சொன்னியாக்கா, பஸ்ஸை அனுப்புற மாதிரி பொண்ணை அனுப்பிட்டு வந்து நிக்கிற என்றாள். கையில் இருந்த டம்ளரைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, நீ உன் வீட்டுக்குப் போ என்றேன். போனாள். அதோடு சரி. அப்பா மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது ஆள், காலை டீ இங்கே, நாலு மணி டீ அங்கே, பேப்பரின் ஒரு பாதி இங்கே, மறு பாதி அங்கே. நீ அவளோடு வாராவாரம் போனில் பேசுவதும் எனக்குத் தெரியும், கண்டும் காணாமல் இருந்தேன்.

மாடியில் அவள் தையல் மெஷினை ஏற்றியிருக்கிறாள். கீழே வெளிச்சம் போதாமல் ஊசியில் நூல் கோக்கவே சிரமமாம், பள்ளிச் சீருடை தைக்கிறவளுக்கு அது பெரிய விஷயம்தான், மூன்று பக்கமும் ஜன்னல் வைத்து அறை கட்டி, முன்னால் மொட்டைமாடியை அப்படியே விட்டிருக்கிறாள். என் பாத்தியில் விழுந்துகொண்டிருந்த வெயில் இப்போது அங்கேதான் கிடக்கிறது. போன மாதம் அப்பா நாலு மணி டீயிலிருந்து திரும்பி வந்து, மாடியில வெயில் சும்மா காயுது, அக்காவுக்கு வேணும்னா தொட்டி வச்சுக்கச் சொல்லுங்க, இவ்வளவுதான் சொன்னா, நான் ஒண்ணும் சேர்க்கலை என்றார். நான் புதினா, கொத்தமல்லி, கீரை, இஞ்சி, முள்ளங்கி என்று நிழலுக்கு ஒத்துப்போகிறவற்றை மட்டும் காகிதத்தில் எழுதி, இந்த வருஷம் இவ்வளவுதான் என்று காட்டினேன். அப்பா காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இது தோட்டமா பத்தியச் சாப்பாடா என்று கேட்டார். தக்காளி இல்லாத தோட்டம் எனக்கும் பிடிக்கவில்லை, அதை வெளியே சொல்லவில்லை.

அதற்குள் தட்டில் போட்ட தக்காளி நாற்று நாலு இலை விட்டுவிட்டது. கத்தரியும் மிளகாயும்கூட. வைத்தால் இந்தப் பத்து நாளில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கிப் போட வேண்டும். அப்பா ஒரு வாரம் சட்டம் பேசினார், மாடிப்படி வெளிப்பக்கம்தானே இருக்கு, அவ வீட்டுக்குள்ள கால் வைக்காமலே மேல போகலாம், போறது வெயிலைப் பார்க்க, அவளைப் பார்க்க இல்லை என்று. வெயில் எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் செடி வைக்க முடியாது, அடுத்தவர் சொன்ன நேரத்தை நான் எழுதிக்கொண்டதும் கிடையாது. போன வியாழக்கிழமை காலை ஆறரைக்கு நோட்டு, கடிகாரம், ஒரு முக்காலி, குடை எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

வெயில் 6.50க்கு வந்தது. நான் கைப்பிடிச் சுவர் ஓரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். எட்டு மணிக்கு அவள் மேலே வந்தாள், என்னைப் பார்த்தாள், அறைக்குள் போய் மெஷினில் உட்கார்ந்தாள், கதவைச் சாத்தவில்லை. கொஞ்சம் பெருத்திருக்கிறாள், தலையில் முன்பக்கம் நரை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் 9.15 வரை ஒரு மூலையில் இருந்தது, அந்த இடத்தில் எதுவும் வைக்கக் கூடாது என்று குறித்தேன். மேலே இருந்து பார்த்தபோது நம் தோட்டம் முழுவதும் தெரிந்தது. 2.40க்கு விழுகிற நிழல் எதனுடையது என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை, அது நம் வீட்டு நிழல். அவள் வீட்டு நிழல் வந்ததும் நிமிடக் கணக்கில் எழுதியவள் நம் வீட்டு நிழலை வெயில் புறப்படும் நேரம் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் என் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, வைத்தவள் போய்விட்டாள். குடித்தேன், குடிக்காமல் இருந்தால் மயங்கி விழுந்திருப்பேன், அதற்கும் அவள்தான் தூக்க வேண்டியிருக்கும்.

மூன்று மணிக்கு மேல் மெஷின் சத்தம் நின்றது. அவள் நிலைப்படியில் வந்து உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டே, எவ்வளவு நேரம் வருதுக்கா என்று கேட்டாள். இன்னும் முடியலை, முடிஞ்சாத்தான் சொல்ல முடியும் என்றேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு இதுதான், இதில் கண்ணீர்விட ஒன்றும் இல்லை. பிறகு நானே கேட்டேன், அன்னைக்கு என்னை அப்படிச் சொல்ல உனக்கு என்ன தெரியும் என்று. அவள் பிரித்த நூலை உருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள், கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உன் பொண்ணு கோட்டுக்கு பட்டன் தைக்கணும்னு வந்தாக்கா, அம்மா ஒரு தடவை இருன்னு சொன்னாப் போதும் சித்தி, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடுவேன்னு சொன்னா, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா, நீ சொல்லுவ சொல்லுவன்னு ரெண்டு நாளும் உன் வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். இப்போது ஏன் சொல்கிறாள் என்றால், இன்னும் மூன்று வருஷம் என்று நீ அவளிடமும் சொல்லியிருக்கிறாய், சத்தியத்தைக் காப்பாத்தி யாருக்கு என்ன லாபம் என்று தோன்றிவிட்டதாம். நான் நோட்டில் 3.25 என்று எழுதினேன். அந்த நேரத்தில் வெயிலில் எந்த மாற்றமும் இல்லை, ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வெயில் 5.10க்குப் போனது, பத்து மணி இருபது நிமிடம் என்று அவளிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆகவே தோட்டத் திட்டம் மாறிவிட்டது. மாடியில் தக்காளி பன்னிரண்டு தொட்டி, கத்தரி நாலு, மிளகாய் ஆறு. பத்து மணி நேரம் தக்காளிக்கே அதிகம், நடுப்பகலுக்கு நிழல் வலை கட்ட வேண்டும், காற்று அடிப்பதால் இரண்டு வேளையும் தண்ணீர் விட வேண்டும், காலையில் நான், மாலையில் அவள். அப்பா கப்பியும் கயிறும் கட்டி மண் மூட்டையை மேலே இழுக்கிறார், முழங்கால் கீழேயே இருந்துகொள்கிறது. கீழே மூன்று பாத்தியில் கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி, சுவர் ஓரம் இஞ்சியும் புதினாவும். மிச்ச இரண்டில் அப்பாவுக்குக் கொடி பீன்ஸ், நிழலில் வராது என்று சொல்லிவிட்டேன், கேட்கவில்லை, வராமல் போனால்தான் தெரிந்துகொள்வார். மாடி ஜன்னலில் பாகற்கொடி ஏற்ற வேண்டும் என்கிறாள் உன் சித்தி, வெளிச்சத்துக்காக வீட்டைக் கட்டிவிட்டு ஜன்னலில் கொடியை ஏற்றுகிறவளை நான் பார்த்ததில்லை, அதற்கு நேற்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். நன்றாக இருந்தது.

இனி உன் இரண்டாவது கேள்வி. நீ சித்தியிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது, இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது. நான் ஏன் அன்று சொல்லவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இருபத்தாறு வயதில் பக்கத்து மாவட்ட டிப்போவில் கண்ட்ரோலர் வேலை வந்தது, என் அம்மா போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னாள், நான் போகவில்லை. அதற்காக அவள் இருக்கும்வரை ஒரு மூலையில் அவள் மேல் கோபமாகவே இருந்தேன், அவளுக்கும் அது தெரியும். என் பெண்ணுக்கு அந்த வார்த்தையை நான் சொல்லக் கூடாது என்று நீ பிறந்தபோதே முடிவு செய்துவிட்டேன். விமான நிலையத்தில் நாற்பது நிமிடம் மிச்சம் இருக்கும்போதே நேரமாச்சு உள்ளே போ என்று உன்னை விரட்டினேன், இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு உன்னை அனுப்பப் பிடிக்கவில்லை. இந்த நாலு வருஷமும் பிடிக்கவில்லை.

மூன்று வருஷக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, வந்துவிடு. இதுதான் அம்மா சொல்வது. அங்கே உனக்கு வேலை பிடித்திருந்தால், அங்கேயே இருக்கத்தான் மனம் இருக்கிறது என்றால், போட்டுவிட்டு இரு, என் அம்மாவிடம் நான் பட்ட கோபத்தை நீ என்னிடம் பட வேண்டாம், நானும் உன்னிடம் ஒரு நாளும் முகம் தூக்க மாட்டேன். ஆனால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் இனிமேல் நீ யாரிடமும் சொல்ல முடியாது.

எங்கே இருந்தாலும் நீ நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, சித்தியும் தன்னுடையதைச் சேர்த்து எழுதச் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மறக்காமல் இது ஒன்று: உன் பதிலைச் சித்தியிடம் சொல்லி அனுப்பாதே, அப்பாவிடமும் வேண்டாம், போன் செய்து என்னைக் கூப்பிடச் சொல், நான் யாரிடமும் கொடுக்காமல் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா